உஷார்! வெடிச்சத்தம் கேட்ட இடத்துக்கு ஓடாதீர்கள்

போன ஆடியில் ஒரு சாயங்காலம். ஜலகண்டாபுரம் பேருந்து நிலையத்தில் மேட்டூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். பண்டிகைக் காலம். நிற்க இடமில்லை. சிமெண்டு பெஞ்சுக்கு அடியில் ஒரு கறுப்பு ரெக்சின் பை கிடந்தது. பூக்கார அம்மாதான் முதலில் பார்த்தார்.

"யாருதுங்க இந்தப் பை?"

யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். அதற்கும் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற பையன் செருப்புக் காலால் பையை இரண்டு தள்ளு தள்ளிப் பார்த்தான். "நல்ல கனமா இருக்குதுங்கண்ணா" என்றான். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் வட்டம் கட்டிவிட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஒருவர் தன் மகனைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார். இரண்டு பேர் செல்போனை நீட்டி வீடியோ எடுத்தார்கள். பெரியவர் ஒருவர், "தள்ளுங்கடா, நான் பாக்கறேன்" என்று குனிந்து ஜிப்பை இழுத்தார்.

உள்ளே எவர்சில்வர் டிபன் கேரியர், மாதிரி காட்ட எடுத்துவந்த ஏழெட்டுத் துண்டுகள், காகிதத்தில் சுற்றிய இரண்டு தறி நாடா. யாரோ தறிக்காரர் மறந்து வைத்துவிட்டுப் போன பை. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. அந்த நாற்பது பேரில் ஒருவர்கூட 100-க்கோ 112-க்கோ போன் போடவில்லை. நானும் போடவில்லை.

இது நடந்த நாளிலிருந்து என் மனதில் ஒன்றே ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது. நம்மூரில் குண்டு வைக்க எவனாவது வந்தால், அவன் பாதி வேலையைத்தான் செய்யவேண்டியிருக்கும். மீதிப் பாதியை நாமே செய்து கொடுத்துவிடுவோம். நாமே ஓடிவந்து, நாமே சுற்றி நின்று, நாமே வழியை அடைத்து.

"ஜலகண்டாபுரத்துக்கு எவன் வந்து குண்டு வைக்கப் போறான்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 1998 பிப்ரவரி 13-ஆம் தேதி வரை கோயம்புத்தூர்க்காரர்களும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். மில்லும் தொழிலுமாக இருந்த ஊர் அது.

மறுநாள், பிப்ரவரி 14, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல் நேரம். ஆர்.எஸ்.புரத்தில் பா.ஜ.க. தலைவர் எல்.கே.அத்வானி பேச வேண்டிய கூட்டம். அவர் வந்த விமானம் தாமதம். மாலை நான்கு மணிக்குச் சற்று முன், கூட்டம் நடக்கவிருந்த இடத்துக்கு மிக அருகில், சண்முகம் சாலையில் முதல் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு சுமார் நாற்பது நிமிடம் ஊர் அதிர்ந்துகொண்டே இருந்தது. 12 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 11 இடங்களில் 12 குண்டுகள். 58 பேர் செத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம். காரில், மோட்டார் சைக்கிளில், சைக்கிளில், பழவண்டியில், தோள்பையில் என்று வைத்திருந்தார்கள். எல்லாம் நாம் தினமும் உரசிக்கொண்டு போகிற பொருட்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு இடத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோவை மருத்துவக் கல்லூரி அரசு மருத்துவமனை. அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் இடம் அதுதான் என்று கணக்குப் போட்டு அங்கேயும் குண்டு வைத்திருந்தார்கள். ரயில் நிலைய வாகன நிறுத்தத்திலும் வைத்திருந்தார்கள். காயம்பட்டவனைத் தேடி வருகிறவர்கள், ஊரை விட்டுத் தப்பி ஓடுகிறவர்கள், இரண்டு கூட்டத்தையும் குறிவைத்த வேலை.

வெடிக்காமல் கிடந்த குண்டுகள் தனிக்கதை. ராணுவத்தின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவும், தேசிய பாதுகாப்புப் படையும், தமிழ்நாடு கமாண்டோ பள்ளியின் ஆட்களும் வந்து அவற்றைச் செயலிழக்கச் செய்தார்கள். ஆர்.எஸ்.புரத்தில் வெடிமருந்து நிரப்பிய கார் ஒன்று வெடிக்காமலே நின்றது. அதைச் செயலிழக்க வைக்க நாட்கணக்கில் ஆனது. அந்த வேலை கற்றவர்களுக்கே நாட்கணக்கு. நம்மூர்ப் பெரியவர் ஜிப்பை இழுக்க எடுத்துக்கொண்டது இரண்டு விநாடி.

ஓடுகிற கூட்டத்தைக் குறிவைக்கும் இந்தத் தந்திரம் கோவையோடு முடியவில்லை. 2002 அக்டோபர் 12, இந்தோனேசியாவின் பாலித் தீவு. முதல் குண்டு ஒரு மதுக்கூடத்துக்குள் வெடித்தது. உயிருக்குப் பயந்து ஜனம் தெருவுக்கு ஓடிவந்தது. தெருவில் நின்ற வேன் அடுத்த சில விநாடிகளில் வெடித்தது. 202 பேர் போனார்கள். முதல் வெடி கூட்டம் சேர்க்க, இரண்டாவது வெடி கூட்டத்தைக் கொல்ல. இதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம்மூருக்கு வருவோம்.

சந்தை நாளன்று கடைவீதியில் ஒரு வெடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் அந்த நேரத்துக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள், இரண்டு பேர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். மிச்சமிருக்கிற ஏழெட்டுப் பேர்தான் முதலில் வந்து நிற்கவேண்டும். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவும் மோப்ப நாயும் சேலத்திலிருந்து வரவேண்டும். முப்பது கிலோமீட்டருக்கு மேல். தாரமங்கலம் சாலையில் மாலை நேரத்து லாரிகளையும் பஸ்களையும் தாண்டி அவர்கள் வந்து சேர ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் தாராளமான கணக்கு. தேசிய பாதுகாப்புப் படையின் மையம் சென்னையில் இருக்கிறது. அங்கிருந்து சேலமே சுமார் 340 கிலோமீட்டர்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் பயங்கரவாதிகளின் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அந்தப் படை டெல்லி பக்கம் மானேசரில் இருந்தது. ஏற்றிவர வேண்டிய விமானம் சண்டிகரில் இருந்தது. படை மும்பை போய் வேலையைத் தொடங்கும்போது பொழுது விடிந்துவிட்டது. நாட்டின் பெரிய நகரத்துக்கே அந்தக் கதி. சென்னை, மும்பை, ஐதராபாத், கொல்கத்தாவில் மையங்கள் திறந்ததே அந்த அடிக்குப் பிறகுதான்.

ஆக, முதல் அரைமணி நேரம் நம்முடையது. தறிக்காரர், டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், பூக்கார அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், அந்த ஏழெட்டு போலீஸ்காரர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், 108 வண்டியில் வரும் இரண்டு பேர். இவர்கள்தான். இந்த அரைமணியில் நாம் செய்கிற முதல் காரியம் வேடிக்கை பார்க்க ஓடுவது என்றால், 108 வண்டி கடைவீதிக்குள் எந்த வழியாக நுழையும்? நம்முடைய கடைவீதியின் அகலம் உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் டூவீலர், நடுவே ஒரு டாடா ஏஸ் நின்றாலே பஸ் ஒதுங்க முடியாது. அதில் ஐந்நூறு பேர் பைக்கில் வந்து குவிந்தால், உள்ளே ரத்தம் கொட்டிக் கிடப்பவனுக்கும் வெளியே நிற்கும் ஆம்புலன்சுக்கும் நடுவில் நாமே மதில்சுவர்.

ஆகவே சத்தம் கேட்டால் எதிர்த்திசையில் நடங்கள். ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழவேண்டாம், வேகமாக நடங்கள். கண்ணாடிக் கடைகளை ஒட்டி நிற்காதீர்கள். குண்டுவெடிப்பில் பலருக்குக் காயம் குண்டால் வருவதில்லை, பறந்து வரும் கண்ணாடியாலும் தகரத்தாலும் வருகிறது. கனமான செங்கல் சுவருக்குப் பின்னால் போங்கள். வண்டியை வழியில் போட்டுவிட்டுப் போகவேண்டாம், போட்டே ஆகவேண்டும் என்றால் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுங்கள், நகர்த்துவதற்காவது ஆகும்.

கேட்பாரற்ற பை கிடந்தால் தொடாதே, நகர்த்தாதே, தண்ணீர் ஊற்றாதே. அதன் பக்கத்தில் நின்று செல்போனை எடுக்காதே. குறைந்தது நூறு மீட்டர் தள்ளிப் போய் அங்கிருந்து பேசு. சந்தேகப்படுவது காரையோ வேனையோ என்றால் இன்னும் இரண்டு மூன்று மடங்கு தூரம். 112-க்குப் பேசும்போது நான்கு விஷயம் சொன்னால் போதும்: எந்த இடம், என்ன பொருள், எத்தனை மணிக்குப் பார்த்தாய், சுற்றி எவ்வளவு கூட்டம். 'நீ' என்று ஒருமையில் எழுதிவிட்டேன். என் தம்பியிடம் சொல்வது போலத்தான் வந்தது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டவர் உங்கள் காலடியிலேயே கிடக்கிறார், விட்டுவிட்டு எப்படிப் போவது? போகச் சொல்லவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவரைக் காப்பாற்றத்தான் வேண்டும். அதை எப்படி என்று தெரிந்துகொண்டு செய்யவேண்டும்.

2013 ஏப்ரல் 15, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டம் முடியும் இடத்தில் இரண்டு குண்டுகள் வெடித்தன. அங்கேயே மூன்று பேர் இறந்தார்கள். 260-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம், பலருக்குக் கால் போயிற்று. ஆனால் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த ஒருவர்கூட இறக்கவில்லை. மருத்துவக் குழுவும் அங்கே நின்றவர்களும் பெல்ட்டையும் சட்டையையும் கழற்றிக் கட்டி ரத்தத்தை நிறுத்தியது அதற்கு ஒரு பெரிய காரணம்.

நம்மூரில் பெல்ட்டைத் தேட வேண்டாம். துண்டு, வேட்டி, சேலை என்று தறி ஓடுகிற ஊர் இது. பத்துப் பேர் நின்றால் ஆறு தோளில் துண்டு இருக்கும். அந்தத் துண்டை நான்காக மடித்து, ரத்தம் வரும் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் உங்கள் எடை முழுவதும் இறங்குகிற மாதிரி அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. துண்டு நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு மேலே, உடம்பை நோக்கி, மூன்று நான்கு விரல்கடை தள்ளித் துண்டைச் சுற்றி, ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கி இறுக்குங்கள். முட்டி மடங்கும் இடத்திலோ முழங்கை மடங்கும் இடத்திலோ கட்டக்கூடாது. கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதுங்கள். டாக்டர் பார்க்கும்வரை தளர்த்தாதீர்கள். உடம்பில் குத்தி நிற்கும் ஆணியையோ தகரத்தையோ பிடுங்கக்கூடாது. அது அடைப்பாக நின்று ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம்.

இன்னொன்று. சத்தம் போட்டு அழுகிறவரைச் சுற்றித்தான் கூட்டம் சேரும். சத்தமே போடாமல், வெளியே காயமும் தெரியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்தான் அதிக ஆபத்தில் இருக்கலாம். வெடியின் காற்றழுத்தம் நுரையீரலைத் தாக்கும், வெளியே தெரியாது. காதும் கேட்காது. நீங்கள் கத்துவது அவருக்கு எட்டாது, கையைக் காட்டிக் கூப்பிடுங்கள். முதலில் அவரை 108-க்குக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் காயத்தின் அவசரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆட்களைப் பிரிப்பார்கள். "எங்க அண்ணனைப் பாக்காம அவனைப் பாக்கறீங்களா" என்று டாக்டர் சட்டையைப் பிடிக்கக்கூடாது. சொந்தபந்தம் நூறு பேர் மேட்டூருக்கும் ஓமலூருக்கும் சேலத்துக்கும் வண்டி பிடித்துப் போய் ஆஸ்பத்திரி வாசலை அடைக்கக்கூடாது. வீட்டுக்கு ஒருவர் போதும். கோவையில் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று மேலே சொன்னேன்.

செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

மும்பையில் தாஜ் ஓட்டலுக்குள் பயங்கரவாதிகள் இருந்தபோது, வெளியே கமாண்டோக்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதை டி.வி. சேனல்கள் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தன. அவர்களை ஏவிவிட்டுப் பாகிஸ்தானில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்து உள்ளே இருந்தவர்களுக்குப் போனில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பேச்சுப் பதிவுகள் நீதிமன்றத்துக்கே வந்தன. 2012-ல், அந்தத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-ல் கேபிள் டி.வி. விதிகளையே திருத்தி, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையில் காட்டக்கூடாது என்று தடை கொண்டுவந்தார்கள். அன்றைக்கு மும்பையில் கேமரா வைத்திருந்தவை டி.வி. சேனல்கள். இன்றைக்கு ஜலகண்டாபுரத்தில் கேமரா இல்லாத சட்டைப்பை எது? போலீஸ் எங்கே நிற்கிறது, எந்தச் சந்தில் நுழைகிறது என்று லைவ் போடுகிறவன், எந்தப் பக்கம் வேலை செய்கிறான் என்று யோசிக்கட்டும். செத்தவர் முகத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறவன், அந்தப் படத்தை அவர் மகள் எப்படிப் பார்ப்பாள் என்று யோசிக்கட்டும்.

அதே மும்பையில், அதே இரவில், சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் இன்னொன்றும் நடந்தது. அறிவிப்பு அறையில் இருந்த ரயில்வே ஊழியர் ஒருவர், கண்ணெதிரே சுடுவதைப் பார்த்தும் மைக்கை விடவில்லை. அந்தப் பக்கம் வராதீர்கள், இந்த வழியாக வெளியே போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உயிரோடு வெளியே போனார்கள். நம்மூர்ப் பண்டிகையில் மைக் செட் இல்லாத தெரு உண்டா? மைக் செட்காரரிடமும் கோயில் கமிட்டியிடமும் இப்போதே சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுதான்: ஏதாவது நடந்தால் முதலில் பாட்டை நிறுத்துங்கள், பிறகு ஒரே ஒருவர் பேசுங்கள், எந்தச் சந்து வழியாகக் கலைந்து போவது என்று மட்டும் சொல்லுங்கள். "குண்டு, குண்டு" என்று கத்தினால் நெரிசலிலேயே பத்துப் பேர் போய்விடுவார்கள்.

இதெல்லாம் வெடித்த பிறகு. வெடிக்கும் முன்னால் நம் கையில் இருப்பது என்ன என்று பார்த்தால், அங்கேயும் நம் அசட்டைதான் முன்னால் நிற்கிறது.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை, கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே ஒரு மாருதி கார் வெடித்தது. ஓட்டிவந்த ஜமேசா முபின் மட்டும் இறந்தான். சிலிண்டர் வெடித்த விபத்து என்றுதான் முதலில் தோன்றியது. சிதறிக் கிடந்த ஆணிகளும் கோலிக்குண்டுகளும் வேறு கதை சொல்லின. அவன் வீட்டைச் சோதித்தபோது சுமார் 75 கிலோ வெடிபொருள் தயாரிக்கும் ரசாயனங்கள் கிடைத்தன. 2019-லேயே தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. விசாரித்து விட்டுவிட்ட ஆள் அவன். அந்தக் கார் யாருடையது என்று தேடிப் போனால், பெயர் மாற்றாமலே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று பல கை மாறியிருந்தது. 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் அப்படிப் பல கை மாறிய கார்தான்.

நம் பக்கத்தில் பழைய வண்டி விற்கிற லட்சணம் எல்லோருக்கும் தெரியும். "ஆர்.சி.புக்கை வெச்சுக்கங்க, பேர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொல்லி, பணத்தை எண்ணிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கினவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. எத்தனை பேர் நிரப்பியிருக்கிறோம்? என்றைக்கோ விற்ற எக்ஸெல் வண்டி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்றால், நாளை அது எங்கே நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். சிம் கார்டும் இப்படித்தான். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

வெடிமருந்து நமக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. கிணறு வெட்டவும் கல் உடைக்கவும் ஜெலட்டின் குச்சி புழங்குகிற மாவட்டம் இது. கோவையில் 1998-ல் வெடித்ததும் ஜெலட்டின்தான். வேலை முடிந்த பிறகு மிஞ்சிய நான்கு குச்சியையும் டெட்டனேட்டரையும் மஞ்சப்பையில் போட்டுச் சாளைக் கூரையில் செருகிவைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. மீனுக்கு ஆகும், பன்றிக்கு ஆகும் என்று கேட்டவருக்குக் கொடுப்பதும் இருக்கிறது. உரிமம் உள்ள வெடிக்காரரிடமே மிச்சத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கணக்கில்லாத ஒரு குச்சி எந்த ஊர்க் கடைவீதிக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஓமலூரை மறந்துவிட்டோம். 2022 மே மாதம் அங்கே வழக்கமான வாகனச் சோதனையில் நின்ற போலீசார் இரண்டு இளைஞர்களை நிறுத்தினார்கள். கள்ளத் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் சிக்கின. பிறகு அந்த வழக்கை என்.ஐ.ஏ. எடுத்துக்கொண்டது. நம்மிடமிருந்து கூப்பிடு தூரம். அந்த இளைஞர்கள் எந்த மதம், எந்த ஊர் என்பதல்ல நமக்குப் பாடம். வெயிலில் நின்று ஹெல்மெட்டையும் ஆர்.சி.யையும் கேட்கிற கான்ஸ்டபிளைப் பார்த்து முகம் சுளித்து, "வசூலுக்கு நிக்கறாங்க" என்று பேசுகிறோமே, அந்தச் சாதாரணச் சோதனையில்தான் அது சிக்கியது. வண்டியை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். டிக்கியைத் திறக்கச் சொன்னால் திறங்கள்.

இலங்கையில் தகவல் இருந்தும் மேலே இருந்தவர்கள் தூங்கினார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. கடிதம் மேசை மேசையாகப் போனது, தேவாலயத்துக்குப் போகவில்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மட்டும் ஒன்று நடந்தது. முதுகில் பையோடு வந்தவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் சந்தேகப்பட்டு, ஆராதனை நடந்த இடத்துக்குள் விடாமல் வெளியே முற்றத்திலேயே நிறுத்திப் பேச்சுக் கொடுத்தார். குண்டு அங்கேயே வெடித்தது. அவரும் போனார், குழந்தைகள் உட்பட இன்னும் பலர் போனார்கள். உள்ளே நிறைந்திருந்த கூட்டத்தின் நடுவே அது வெடிக்கவில்லை.

அவர் சந்தேகப்பட்டது பையையும் நடத்தையையும். முகத்தை அல்ல. இதை நான் அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் 'உஷார்' என்று ஒருவன் கட்டுரை எழுதினால், அதை எடுத்துக்கொண்டு தாடி வைத்தவரையும் இந்தி பேசுகிறவரையும் முறைத்துப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, போளூர் அருகே குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தை அடித்தார்கள். குழந்தைக்கு மிட்டாய் கொடுத்ததுதான் குற்றம். ஒரு வயதான அம்மா செத்தே போனார். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சோடு கூட்டம் குவிந்தது. கோவைக் குண்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1997 நவம்பர் 29-ல் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. அந்தத் தீயில்தான் குண்டுக்காரர்கள் குளிர்காய்ந்தார்கள். ஒரு ஊரின் இரண்டு பக்கத்தையும் பகைக்க வைப்பதற்குத்தான் குண்டே வைக்கிறார்கள். வெடித்த மறுநாள் நாம் பக்கத்து வீட்டுக்காரன் கடையில் கல்லெறிந்தால், குண்டு வைத்தவன் நினைத்தது நடந்துவிட்டது.

2022-ல் கோவை அதைச் செய்யவில்லை. கார் வெடித்த சில நாட்களில் உக்கடத்து ஜமாத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் கோயிலுக்கே போனார்கள். கோயிலில் அவர்களை வரவேற்றார்கள். கலவரம் நடக்கவில்லை. 1998-ஐப் பார்த்த ஊர் அது.

வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராக இருந்தாலும் ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி, வேலை செய்யும் இடம், ஒரு போட்டோ வாங்கி வையுங்கள், ஸ்டேஷனில் ஒரு நகல் கொடுங்கள். முஸ்லிமுக்கும் பீகார்க்காரருக்கும் மட்டும் கேட்டுவிட்டு நம்ம ஆளுக்குக் கேட்காமல் விட்டால் அது உஷார் இல்லை, வெறும் வெறுப்பு. எல்லோரிடமும் கேளுங்கள். வாங்கி வைத்துவிட்டு, பிறகு அவர்களை நிம்மதியாகக் குடியிருக்க விடுங்கள்.

பேரூராட்சிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் என் கோரிக்கை இது. அடுத்த பண்டிகைக்கு முன்னால் ஒரு நாள், பேருந்து நிலையத்தில் ஒரு ஒத்திகை நடத்துங்கள். 108 வண்டி எந்த வழியாக நுழைவது, எந்த வழியாக வெளியே போவது, கூட்டத்தை எந்தப் பக்கம் கலைப்பது என்று ஒருதடவை நடந்து பாருங்கள். டீக்கடைக்காரரையும் பூக்கார அம்மாவையும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாள் முழுக்க அங்கே கண் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். பேருந்து நிலையத் தூண்களில் தலைவர் படம் ஒட்ட இடம் இருக்கிறது, 112 என்று பெரிதாக எழுதவும் இடம் இருக்கும்.

தறி ஓட்டும் அண்ணன் தம்பிமார்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். தறிச் சத்தத்தில் வெளியே வெடித்தாலும் உங்கள் காதில் விழாது. யாரோ ஒருவன் வாசலில் வந்து கையை ஆட்டி, "வெடிச்சிருச்சு, ஓடியாங்க" என்பான். தறியை நிறுத்துங்கள். ஓடவேண்டாம். தோளில் இருக்கிற துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், 112-க்குப் போன் போடுங்கள், ஆம்புலன்ஸ் வரும் சாலையில் நிற்கும் வண்டிகளை ஓரம் தள்ளுங்கள்.